சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

தோற்கிற கோஷ்டிக்கு ஆலோசனை சொல்ல ஆள் பஞ்சம் ஏற்பட்டதே இல்லை. ஜெயிக்கிற வரையில் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிற ரசிகர்கள், தொடர்ந்து இரண்டு பந்தயம் தோற்றுவிட்டால் பயிற்சியாளரின் பெயரை உச்சரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். 'அவரை மாற்ற வேண்டும்' என்பது முதல் தீர்மானம். 'அந்த இடத்துக்கு யாரைக் கொண்டு வருவது?' என்பது இரண்டாவது சர்ச்சை. 'அவருக்குத் துணையாக யார் யார்?' என்பது மூன்றாவது. சத்திரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையானாலும் சரி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதித் திண்ணையானாலும் சரி, இந்த மூன்று விவகாரங்களும் ஒரு நாளில் தீர்ந்துவிடுவதில்லை.

இப்படிப் பேசுவது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. ஆனால் கூடமே உண்மையில் கோணலாக இருப்பதும் உண்டு. சில சமயம் கூடமும் சரியாக இருக்கும், ஆடுகிறவளும் கெட்டிக்காரியாக இருப்பாள். நட்டுவனாரின் தாளம்தான் தப்பியிருக்கும். எது ஆட்டக்காரரின் குறை, எது நட்டுவனாரின் பிழை, எது கூடத்தின் கோணல் என்று பிரித்தறியத் தெரிந்தவனே நல்ல ரசிகன். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் நட்டுவனாரை மாற்றுவது ஒன்றே மருந்து என்று நினைத்தால், நட்டுவனார் மாறிக்கொண்டே இருப்பார், ஆட்டம் மாறாது.

நமது இந்தியக் கால்பந்துக் கோஷ்டியின் அண்மைக் காலச் சரித்திரமே இதற்குச் சாட்சி.

நூற்றெழுபது விண்ணப்பங்கள்

2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் குரோஷியா நாட்டவரான இகோர் ஸ்டிமாக் இந்தியாவின் பயிற்சியாளராக அமர்த்தப்பட்டார். 1998 ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷியாக் கோஷ்டியில் ஆடியவர் அவர். ஆகவே எதிர்பார்ப்பும் பெரிதாகத்தான் இருந்தது. 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பைப் பந்தயம் நடந்தது. ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளிடமும் நாம் தோற்றோம். மூன்று பந்தயங்களிலும் சேர்த்து நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை. அதே ஆண்டு ஜூன் 11 ஆம் தேதி தோஹாவில் கத்தாரிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றதும், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. அன்று கத்தார் சமன் செய்த கோலுக்கு முன்பே பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்ற வழக்கு வேறு எழுந்தது. ஆனாலும் ஆத்திரம் பயிற்சியாளரின் தலையில்தான் விடிந்தது. ஆறே நாளில் ஸ்டிமாக் நீக்கப்பட்டார்.

ஜூலையில் ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கேஸ் வந்தார். அவர் அப்போது எப்.சி. கோவாவின் பயிற்சியாளர். அந்த வேலையையும் விடாமல் இந்த வேலையையும் ஏற்றுக்கொண்டார். ஒரு காலைக் கோவாவிலும் மறு காலைத் தேசத்திலும் வைத்துக்கொண்டு அவர் நடத்திய எட்டுப் பந்தயங்களில் இந்தியா ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதுவும் மாலத் தீவுகளுக்கு எதிராக 2025 மார்ச்சில் கிடைத்தது. முந்தின ஆண்டு ஓய்வு பெற்றிருந்த நாற்பது வயதுச் சுனில் சேத்ரியைத் திரும்ப அழைத்து ஆடவைத்து, அவரும் ஒரு கோல் போட்டுக் கிடைத்த வெற்றி அது. ஜூன் மாதம் ஹாங்காங்கிடம் 0-1 என்று தோற்றோம். ஜூலை பிறந்ததும் மார்க்கேஸும் விடைபெற்றார்.

மறுபடியும் விளம்பரம் கொடுக்கப்பட்டது. வந்து குவிந்த விண்ணப்பங்கள் நூற்றெழுபது! பார்சிலோனாவின் புகழ்பெற்ற ஸாவியே விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்ற செய்தி பரவி, ரசிகர்கள் மத்தியில் ஒரே பரபரப்பு. 'அவர் வந்தால் எந்த முறையில் ஆடவைப்பார்?' 'அவருக்கு எத்தனை கோடி கொடுக்க முடியும்?' என்றெல்லாம் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. கடைசியில் அந்த விண்ணப்பம் உண்மையானதல்ல, யாரோ செய்த குறும்பு என்று தெரியவந்தது. வராத மாப்பிள்ளைக்குப் பந்தல் போட்ட கதை!

ஆகஸ்ட் முதல் தேதியன்று காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஆசனத்தில் அமர்ந்த இந்தியர் அவர். மிஸோரம் மாநிலத்துச் சின்னஞ்சிறு ஐஸ்வால் கோஷ்டியை 2017 இல் ஐ-லீக் சாம்பியனாக்கிக் காட்டியவர். செப்டம்பரில் மத்திய ஆசியப் பந்தயத்தில் ஓமானை வென்று மூன்றாம் இடம் பெற்றபோது, 'பார்த்தீர்களா, நம்மவர் நம்மவர்தான்' என்று ரசிகர்கள் மார் தட்டினார்கள். அக்டோபரில் சிங்கப்பூரிடம் சொந்த மண்ணில் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு பறிபோனது. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடமும் தோற்றோம். மார் தட்டிய கைகளே மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டன.

ஆக, பதினான்கு மாதங்களுக்குள் மூன்று பயிற்சியாளர்கள். ஒருவர் குரோஷியர், ஒருவர் ஸ்பானியர், ஒருவர் இந்தியர். மூவருக்கும் மூன்று விதமான போக்கு. விளைவு மட்டும் ஒன்றே. இதைக் கண்ட பிறகும் 'நாலாவது யார்?' என்று கேட்பதுதான் புத்திசாலித்தனமா?

ரசிகருக்கு உரிமை இல்லையா?

'டிக்கெட் வாங்குகிறோம், வேலையை விட்டுவிட்டு வந்து தொண்டை கிழியக் கத்துகிறோம், எங்களுக்குச் சொல்ல உரிமையில்லையா?' என்று ரசிகர்கள் கேட்பார்கள். உண்டு, சந்தேகமேயில்லை. அந்தக் குரலுக்குப் பலமும் உண்டு. கேரளத்தின் பிளாஸ்டர்ஸ் கோஷ்டி 2024 ஆம் ஆண்டு தொடர்ந்து தோற்றபோது, 'மஞ்ஞப்பட' என்ற அதன் ரசிகர் சங்கம் இனி டிக்கெட் விற்பனையில் ஒத்துழைக்க மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். ஆனால் அந்தப் பருவத்தில் அக்கோஷ்டி கடைசிச் சுற்றுகளுக்கு வரவில்லை. எட்டாவது இடத்தோடு நின்றுவிட்டது.

ரசிகர்களின் குரலுக்கு ஆளைப் போக்கும் சக்தி இருக்கிறது; அந்தக் குரலால் ஆட்டத்தை உண்டாக்க முடியுமா என்பதே கேள்வி.

இன்னொரு செய்தியையும் நினைவுபடுத்த வேண்டும். ஆண்கள் கோஷ்டிக்கு யார் பயிற்சியாளர் என்று நாடே விவாதித்துக்கொண்டிருந்த அதே 2025 ஜூலையில், ஐந்தாம் தேதியன்று, நமது பெண்கள் கோஷ்டி தாய்லாந்து சென்று அந்நாட்டை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று தோற்கடித்து, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து அந்த இடத்துக்குப் போவது நம் பெண்களுக்கு அதுவே முதல் தடவை. அவர்களுடைய பயிற்சியாளர் கிரிஸ்பின் சேத்ரியின் பெயரை எத்தனை தேநீர்க் கடைகளில் சொன்னார்கள்? தமிழகத்துப் பெண்கள் 2018 இலும் 2023 இலும் தேசியச் சாம்பியன் பட்டம் பெற்றார்களே, அதையாவது எத்தனை பேர் பேசினோம்? தோல்வியைப் பற்றி ஆயிரம் நாவுகள் பேசுகின்றன. வெற்றி எப்படி வந்தது என்று விசாரிக்க ஒரு நாவும் அசைவதில்லை.

பள்ளி ஆசிரியர் படைத்த கோஷ்டி

பயிற்சியாளரால் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. நல்ல பயிற்சியாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீமைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. 2024 இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்த பிறகு இன்றைய இளைஞர்களுக்கும் அவர் பெயர் தெரிந்திருக்கிறது. 1950 முதல் 1963 இல் புற்றுநோய்க்கு இரையாகும் வரை அவர் இந்தியாவின் பயிற்சியாளராக இருந்தார். 1951 இல் டில்லியிலும் 1962 இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அந்த உயரத்தை இந்தியக் கால்பந்து பின்னர் எட்டியதே இல்லை.

ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர். கால்பந்தையும் பாடம் சொல்லிக் கொடுப்பது போலவே சொல்லிக் கொடுத்தார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, வந்ததும் அடுத்தவனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு தனிப் பந்தயங்கள் நடத்தினார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று வேறொரு பந்தயம். பையன்களுக்கு அது விளையாட்டு. ஆசிரியருக்கு அது பாடத் திட்டம். 1962 இறுதிப் பந்தயத்துக்கு முன் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் பட்டுத் தையல் போட்டிருந்தது. அவரை வெளியே உட்கார வைக்காமல், முன்வரிசைக்கு மாற்றி ஆடவைத்தார் ரஹீம். தென் கொரியாவை 2-1 என்று வென்ற அந்தப் பந்தயத்தில் ஒரு கோல் பி.கே. பானர்ஜி போட்டது, மற்றொன்று அதே ஜர்னைல் சிங் போட்டது. கோலைக் காத்து நின்றவர் நம்மவரான பீட்டர் தங்கராஜ். இருக்கிற ஆளை இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்ததற்குப் பெயர்தான் பயிற்சித் திறமை.

தமிழ்நாட்டிலேயே மற்றோர் உதாரணம் இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவேயில்லை. ஆகவே ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோல் ஒரு தமிழர் போட்டதாகவே இன்றளவும் நிற்கிறது. அவர் பிறகு பயிற்சியாளரானார். 1973 இல் கேரளம் முதல் தடவையாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது அக்கோஷ்டிக்குப் பயிற்சி தந்தவர் அவர்தான். நம் வீட்டு விளக்கு அயல் வீட்டுக்கும் வெளிச்சம் கொடுத்தது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. ரஹீமுக்குப் பின்னால் ஹைதராபாத் இருந்தது. தெருவுக்குத் தெரு பந்து உதைக்கிற பையன்கள், பள்ளிக்கூட மைதானங்கள், 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்ற போலீஸ் கோஷ்டி எல்லாம் இருந்தன. சைமன் சுந்தரராஜுக்குக் கேரளத்து மைதானங்கள் இருந்தன. சட்டி நிறைய இருந்தது. அகப்பை பிடித்த கையும் தேர்ந்த கை. அதனால் இலை நிறைந்தது. வெறும் சட்டியில் எந்தத் தேசத்து அகப்பையைப் போட்டுத் துழாவினாலும் சத்தம்தான் வரும்.

கடல் கடந்த ஒரு கல்லூரி

இந்த விவாதம் நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் கல்லூரிக் கோஷ்டிகளுக்கே இதைவிடப் பெரிய அமளி நடக்கிறது. அங்கே கால்பந்து என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குக் கீழே தாக்குதலுக்கு ஒரு துணைவர், தற்காப்புக்கு ஒரு துணைவர். இந்தத் துணைவர்களை நியமிப்பது அங்கே மந்திரி சபை மாற்றம் போன்ற சமாசாரம்.

புளோரிடா மாநிலப் பல்கலைக் கழகம் 2023 இல் பதினான்கு பந்தயங்களில் பதின்மூன்றை வென்றது. அடுத்த ஆண்டு பன்னிரண்டில் இரண்டு மட்டுமே! ரசிகர்கள் கொதித்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் மைக் நார்வெல் தமது இரண்டு துணைவர்களையும் பருவம் முடியும் முன்பே அனுப்பிவிட்டார். தாக்குதலுக்குக் கஸ் மால்சான் என்பவரைக் கொண்டு வந்தார்; வேறொரு பல்கலைக் கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அவர், அந்தப் பதவியை விட்டுவிட்டுத் துணைவராக வந்தார். தற்காப்புக்கு நெப்ராஸ்காவிலிருந்து டோனி ஒயிட் வந்தார். 2025 ஆகஸ்டில் முதல் பந்தயத்திலேயே பலம் வாய்ந்த அலபாமாவை 31-17 என்று வீழ்த்தியதும் ஊரெல்லாம் கொண்டாட்டம். பருவம் முடிந்தபோது கணக்கென்ன? பன்னிரண்டில் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. புதுத் துணைவர்களால் இரண்டு ஐந்தாயிற்று, பதின்மூன்று ஆகவில்லை.

பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கக்கூடிய இடத்திலேயே, ஆள் மாற்றத்தால் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆனாலும் அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த அமெரிக்க ரசிகன் சண்டை போடுவது தன் கல்லூரிக்காக. அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்தக் கல்லூரி அரங்குக்கு அவன் நேரில் போய் உட்கார்ந்து பார்க்கிறான். படித்து முடித்து முப்பது வருஷம் ஆனவனும் பிள்ளைகுட்டிகளோடு போகிறான். நாமோ?

திருச்சிக்கு வருவோம்

திருச்சிக்கும் பெருமைமிக்க கல்லூரிகள் இருக்கின்றன. 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883 இல் இங்கே வந்த புனித வளனார் கல்லூரி, 1919 இல் பிறந்த தேசியக் கல்லூரி, 1951 இல் எழுந்த ஜமால் முகமது கல்லூரி, பிஷப் ஹீபர் கல்லூரி, பெண்களுக்கென்று 1923 முதல் நடந்துவரும் ஹோலி கிராஸ் கல்லூரி என்று வரிசையாகச் சொல்லலாம். பழைய மாணவர்கள் உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். தங்கள் கல்லூரிக் கால்பந்துக் கோஷ்டியின் தலைவன் யார், அதற்குப் பயிற்சி கொடுப்பவர் யார், சென்ற ஆண்டு எந்தக் கோஷ்டியிடம் தோற்றது என்று அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? ஸாவி வருவாரா என்று இரவு பன்னிரண்டு மணி வரை வாதாடியவர், மாலை ஐந்து மணிக்குத் தாம் படித்த கல்லூரி மைதானத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லையே!

கிரிக்கெட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய கோஷ்டி ஒன்று இருக்கிறது. 2021 இல் 'ரூபி திருச்சி வாரியர்ஸ்' என்ற பெயரில் இறுதிப் பந்தயம் வரை சென்று, சேப்பாக்கத்திடம் எட்டே ஓட்டங்களில் கோப்பையை நழுவவிட்டது. 2023 இல் 'பால்சி திருச்சி' என்ற பெயரில் ஆடிய ஏழு பந்தயங்களிலும் தோற்றது. 2024 இல் 'திருச்சி கிராண்ட் சோழாஸ்' என்று மறுபடியும் பெயர் மாறியது. 2025 இல் முதல் நான்கு இடங்களுக்குள் வந்து மூச்சு விட்டது. ஏழு தோல்வி கண்ட அந்த ஆண்டில் பந்தயங்கள் நடந்தது கோவை, திண்டுக்கல், சேலம், திருநெல்வேலி ஆகிய ஊர்களில். திருச்சியில் ஒன்றுகூட இல்லை. நம் ஊர் கோஷ்டி தோற்பதைப் பார்க்கவும் நாம் வெளியூர் பஸ் ஏற வேண்டியிருந்தது! பயிற்சியாளரைப் பற்றி அப்போது சூடாகப் பேசியவர்கள், 'திருச்சிப் பெயருள்ள கோஷ்டிக்குத் திருச்சியில் ஏன் ஒரு மைதானம் இல்லை?' என்று அதே சூட்டோடு கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கூடத்தின் கோணல் என்று நாம் மேலே சொன்னது இதைத்தான்.

கூடம் கோணலானால் என்ன ஆகும் என்பதற்குக் கால்பந்திலும் சான்று உண்டு. கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கோஷ்டி, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியில், 2019 இல் ஐ-லீக் சாம்பியனாயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்த லீக்கிலேயே அதைக் காணோம். நல்ல பயிற்சியாளரும் இருந்தார், வெற்றியும் வந்தது. தாங்கி நிற்க அஸ்திவாரம்தான் இல்லை. 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் பதவியேற்ற வேளையில், நாட்டின் முதல்தர லீக் நடக்குமா என்பதே தெரியாமல், சென்னையின் எப்.சி. தன் நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கும் அந்த லீக் அந்தச் செப்டம்பரில் தொடங்கவில்லை. வீரர்களுக்குப் பந்தயமே இல்லாதபோது பயிற்சியாளர் யாரைத் தேர்ந்தெடுப்பார்?

முக்கொம்பும் மேட்டூரும்

காவிரிக் கரையில் வாழ்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல. முக்கொம்பில் மதகு இருக்கிறது. எந்த ஆற்றுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பார்த்துத் திறக்கச் சாமர்த்தியசாலியான அதிகாரி வேண்டும். திறமையற்றவர் கையில் விட்டால் பயிர் காயும், அல்லது கரை உடையும். ஆனால் மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் எப்பேர்ப்பட்ட அதிகாரியை முக்கொம்பில் உட்கார வைத்தாலும் அவர் மணலைத்தான் பங்கிட வேண்டும். குடகில் மழை பெய்து, மேட்டூர் நிரம்பி, தண்ணீர் கீழே வந்தால்தான் மதகுக்கே மதிப்பு.

தேசியக் கோஷ்டியின் பயிற்சியாளர் முக்கொம்பு அதிகாரியைப் போன்றவர். வந்து சேர்ந்த தண்ணீரைப் பங்கிடுவது அவர் வேலை. மழை பெய்கிற இடம் எது? ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானம். அங்கே பந்தைப் பிடித்து நிறுத்தவும், தலை நிமிர்ந்து பார்க்கவும், தோழனுக்குத் தட்டிவிடவும் கற்றுக்கொள்ளாத பையனுக்கு, இருபத்தைந்து வயதில் ஐரோப்பாவிலிருந்து வந்த பேராசிரியர் அதைக் கற்றுக்கொடுக்க இயலாது. அவருக்கு அதற்கு நேரமும் இல்லை; பந்தயத்துக்கு முன் கிடைப்பது சில நாட்களே.

கடலூர் மாவட்டத்தைப் பாருங்கள். இந்திய கோஷ்டிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்துப் பெண்கள். பெரிய அரங்கமும் மின் விளக்கும் அவர்களை உண்டாக்கவில்லை. விடியற்காலையில் மைதானத்துக்கு வந்து நின்று, பெண் பிள்ளைகளுக்கும் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்த மனிதர்களின் உழைப்பு அது. நம் பக்கத்திலேயே லால்குடி அருகே கிராமத்தில் பிறந்த ஆரோக்கிய ராஜீவ் தொடர் ஓட்டத்தில் இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போய் வந்தார். மண்ணில் சாரம் இல்லாமல் இல்லை. உழுகிறவர்கள்தான் குறைவு.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகையால், திருச்சி ஸ்ரீரங்கம் ரசிகப் பெருமக்களுக்கு ஒரு யோசனை. விவாதத்தை நிறுத்த வேண்டாம். கொஞ்சம் வீட்டுப் பக்கமாகத் திருப்புங்கள்.

உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறாரா? எத்தனை நூறு பிள்ளைகளுக்கு ஒருவர்? கால அட்டவணையில் விளையாட்டு என்று எழுதியிருக்கிற பீரியடில் உண்மையில் விளையாட விடுகிறார்களா, அல்லது பரீட்சை நெருங்குகிறது என்று கணக்கு வாத்தியார் அந்த மணியையும் எடுத்துக்கொள்கிறாரா? பத்தாம் வகுப்புக்கு வந்ததும் 'இனிமேல் பந்தைத் தொடாதே' என்று நீங்களே சொல்லவில்லையா? பள்ளி மைதானத்தில் பாதி, வண்டி நிறுத்தவும் கட்டடம் கட்டவும் போய்விட்டதா? பெண் பிள்ளைகள் மாலையில் விளையாடிவிட்டு வீடு திரும்ப வசதி இருக்கிறதா? டிரில் மாஸ்டர் என்றால் விசில் ஊதுகிறவர், ஆண்டு விழாவில் நாற்காலி போடுகிறவர் என்று நாம் நினைத்து வைத்திருக்கிறோமே, அந்த நினைப்பு மாறியிருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தோஹாவுக்கும் டாக்காவுக்கும் போக வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் போதும். பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் கூடி விருந்து சாப்பிடுகின்றன, நல்ல காரியம். அந்த விருந்தோடு, ஆளுக்கு ஒரு பந்து என்று பள்ளிக்கு வாங்கிக் கொடுத்தாலும் ஒரு பருவம் ஓடிவிடும். கல்லூரிப் பந்தயம் நடக்கிற மாலையில் நூறு பேர் போய் நின்று கைதட்டினால், ஆடுகிற பையனுக்குத் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்ற உற்சாகம் பிறக்கும். பயிற்சி கொடுக்கிறவருக்கும் பொறுப்புக் கூடும்.

மேலே இருக்கிற பயிற்சியாளரைப் பற்றி ஒன்றும் பேசக் கூடாதா? பேசலாம், ஆனால் முறையோடு பேசலாம். அவருக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது, எத்தனை நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது, கையில் எத்தனை ஆட்டக்காரர்கள் இருந்தார்கள் என்று முதலில் கேட்போம். ஒரே சமயத்தில் இரண்டு கோஷ்டிகளுக்கு ஒருவரையே அமர்த்தியது யார் என்றும் கேட்போம். பயிற்சியாளரைக் கேள்வி கேட்கிற நாம், அவரை நியமித்தவர்களைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது நியாயமாகாது. பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். நியமித்த நாற்காலிகள் அங்கேயே இருக்கின்றன.

ரஹீமைப் போன்ற ஒருவர் இன்று திருச்சிப் பகுதியில் ஏதோ ஒரு பள்ளியில் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? பந்தும் இல்லாமல், மைதானமும் இல்லாமல், விளையாட்டுப் பீரியடும் பறிபோய், ஆசிரியர் அறையின் மூலையில் அவர் உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்டவரைத் தேடிக் கண்டுபிடித்து, 'ஐயா, பிள்ளைகளை ஒப்படைக்கிறோம், விளையாடக் கற்றுக்கொடுங்கள்' என்று சொல்லும் ஊர் எதுவோ, அந்த ஊர் பத்து ஆண்டுகள் கழித்துப் பயிற்சியாளரைப் பற்றி இவ்வளவு சண்டை போட வேண்டியிருக்காது. நூற்றெழுபது விண்ணப்பங்களில் ஒன்றைப் பொறுக்குவதைவிட நம் தெருக்கோடிப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரை மதிப்பது சுலபம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்த வாரமே தொடங்கலாம்.